கார்ஷின் என்ற ரஷ்யச் சிறுகதை எழுத்தாளர்: ‘நான்கு நாட்கள்’ அவருடைய சொந்த அனுபவமா?

கேள்வி: ஒட்டுசுட்டானிலிருந்து ஓர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் உயர்தர வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். பாடசாலைக்குப் புறம்பாக, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் நூலகத்தில் சிலர் கூடி ஒரு கதையை வாசித்துப் பேசுவது எங்கள் வழக்கம். பழைய மாணவர்கள் வருவார்கள். அறுவடை முடிந்த காலமென்றால் அவர்களுடைய தாய் தகப்பன்மாரும் வருவார்கள். செக்கோவ், டோல்ஸ்டோய் இருவரிலும் ஓரளவு வாசித்துவிட்டோம். அடுத்தது யார் என்று தேடியபோது, விசெவலோத் கார்ஷின் எழுதிய ‘நான்கு நாட்கள்’ என்ற சிறுகதையின் ஆங்கில மொழிபெயர்ப்பு கையில் கிடைத்தது.

இவானொவ் என்ற சிப்பாய் பற்றைக்காட்டுக்குள் இரண்டு கால்களும் சிதைந்து கிடக்கிறான். அவனுக்குப் பக்கத்தில், அவனுடைய துப்பாக்கிச் சனியனால் குத்துண்டு இறந்த எதிரிச் சிப்பாய் கிடக்கிறான். வெயிலில் அந்த உடல் நாளுக்கு நாள் உருக்குலைவதை இவன் பார்த்துக்கொண்டே கிடக்க வேண்டியிருக்கிறது. தாகம் தாங்காமல் ஊர்ந்துபோய், இறந்தவனின் இடுப்பிலிருந்த தண்ணீர்க் குடுவையை எடுத்துக் குடிக்கிறான். தான் கொன்றவனே தன்னைக் காப்பாற்றுகிறான் என்று அவன் நினைக்கும் இடத்தில் என்னால் மேலே வாசிக்க முடியவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மறுநாள்தான் தொடர்ந்தேன்.

இதை எழுதியவர் உண்மையிலேயே அப்படிக் கிடந்தவரா? என்னிடமுள்ள நூலின் முன்னுரை அவரை ‘மனநோயால் பாதிக்கப்பட்ட எழுத்தாளர்’ என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. அவர் எப்படி வளர்ந்தார், எதை நம்பிப் படைக்குப் போனார், எதைக்கொண்டு வாழ்ந்தார், ஏன் இவ்வளவு குறைவாக எழுதினார் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். எங்கள் கூட்டத்துக்கு வருகிறவர்களில் ஒரு காலை இழந்தவரும் இருக்கிறார், பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் தாயும் இருக்கிறார். அவர்கள் முன்னிலையில் இந்தக் கதையை வாசிக்கலாமா என்ற தயக்கமும் எனக்கு உண்டு.

பதில் 1: வவுனியாவிலிருந்து ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்

அன்புள்ள ஆசிரியைக்கு வணக்கம். உங்கள் முதற் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வதானால், அந்த நான்கு நாட்கள் கார்ஷினுடையவை அல்ல. ஆனால் அந்தப் போர் அவருடையது. 1877ஆம் ஆண்டின் ரஷ்ய துருக்கியப் போரில் அவர் 138ஆவது பொல்ஹொவ் காலாட்படைப் பிரிவில் சாதாரணச் சிப்பாயாக இருந்தார். அதே பிரிவைச் சேர்ந்த ஒரு சிப்பாய், பல்கேரியாவில் நடந்த ஒரு மோதலுக்குப் பின்னர், கால்களில் காயத்தோடு நாட்கணக்கில் பிணங்களுக்கு நடுவே உயிரோடு கிடந்து மீட்கப்பட்டார். கார்ஷினின் கதை அந்த மனிதரிடமிருந்து பிறந்தது. பின்னர் ஓகஸ்டு மாதத்தில், அயஸ்லார் என்ற இடத்தில் நடந்த சண்டையில், கார்ஷினுக்கும் காலில் குண்டு பட்டது. அந்தக் காயம் ஆறிவந்த காலத்தில் எழுதப்பட்ட ‘நான்கு நாட்கள்’, அதே ஆண்டு ஒக்டோபரில் ‘தாயகக் குறிப்புகள்’ என்ற புகழ்பெற்ற சஞ்சிகையில் வெளிவந்தது. இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவன் ஒரே கதையால் நாடறிந்த எழுத்தாளனானான்.

அவர் ஏன் போனார் என்ற கேள்விதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமானதாகப் படுகிறது. கார்ஷின் 1855இல் பிறந்தார். பிறந்த இடம் அப்போதைய யெக்கத்தெரினஸ்லாவ் மாகாணத்தின் பாக்முத் பகுதியிலிருந்த ஒரு பண்ணை. இன்றைய உக்ரேனின் கிழக்குப் பகுதி அது. தந்தை குதிரைப்படை அதிகாரி. பிள்ளைக்கு ஐந்து வயதாயிருந்தபோது, மூத்த மகன்மாருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்த ஆசிரியரோடு தாய் வீட்டைவிட்டுப் போனார். அந்த ஆசிரியர் இரகசிய அரசியற் குழுவொன்றைச் சேர்ந்தவர். தந்தை அதிகாரிகளிடம் முறையிட, அந்த ஆசிரியர் கைதாகித் தொலைதூர நகரொன்றுக்குத் தண்டனையாக அனுப்பப்பட்டார். குடும்பம் இரண்டாகப் பிளந்தது. சின்னப் பிள்ளை சில காலம் தகப்பனோடு தனித்து வளர்ந்தான். எட்டு வயதிலேயே, புரட்சிகர எழுத்தாளர் செர்னிஷெவ்ஸ்கி கோட்டைச் சிறையில் இருந்த அந்த நாட்களில், அவருடைய ‘என்ன செய்ய வேண்டும்?’ என்ற நாவலைத் தான் வாசித்ததாகக் கார்ஷின் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பின்னர் தாயோடு பீற்றர்ஸ்பேர்க் நகரில் படித்து, 1874இல் சுரங்கவியல் கல்லூரியில் சேர்ந்தார்.

1877 ஏப்பிரலில் போர்ப் பிரகடனம் வந்த வேளையில் அவர் இரசாயனவியல் பரீட்சைக்குத் தயார்செய்துகொண்டிருந்தார். புத்தகத்தை மூடிவிட்டு நண்பர் ஒருவரோடு படைக்குப் பெயர் கொடுத்தார். தம் வயதுப் பிள்ளைகள் நெற்றியையும் நெஞ்சையும் குண்டுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கையில் தாம் கல்லூரிச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்க முடியாது, ஆசி தாருங்கள் என்று தாயாருக்கு எழுதினார். இதில் வெற்றியைப் பற்றிய பேச்சே கிடையாது என்பதைக் கவனியுங்கள். போரை அவர் வெறுத்தார். வெறுத்த ஒன்றின் பாரம் மற்றவர்களின் தோளில் மட்டும் விழுவதைப் பார்த்துக்கொண்டு பாதுகாப்பாக இருப்பதை அதைவிடவும் வெறுத்தார். இந்த இரண்டு வெறுப்புகளுக்கும் நடுவில் நின்றுதான் அவர் தம் கதைகள் எல்லாவற்றையும் எழுதினார் என்பது என் துணிபு.

‘கோழை’ என்ற கதை 1879இல் வெளிவந்தது. அதில் வரும் இளைஞன் பத்திரிகைத் தந்திகளில் வரும் இழப்பு எண்ணிக்கைகளை வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாதவன். பல்கேரிய நகரான பிளெவ்னாவில் பன்னிரண்டாயிரம் பேர் வீழ்ந்தார்கள் என்ற செய்தியைக் கண்டதும், அந்த உடல்களைத் தோளோடு தோள் சேர்த்துக் கிடத்தினால் எட்டு வெர்ஸ்ட் நீளமான பாதை அமையும் என்று கணக்குப் போடுகிறான். நம் அளவில் அது எட்டரைக் கிலோமீற்றர். உங்கள் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு அந்தத் தூரத்தை விளக்கத் தேவையில்லை. போரை எதிர்ப்பவன் என்பதால் அவனைக் கோழை என்று சிலர் கருதுகிறார்கள். அவன் கடைசியில் போகிறான், போய்ச் சாகிறான்.

1883இல் வந்த ‘சிப்பாய் இவானொவின் நினைவுக் குறிப்புகள்’ எனக்கு மிகவும் பிடித்தது. கிஷினேவிலிருந்து தன்யூப் நதிவரை கால்நடையாகப் போன அணிவகுப்பை, மழையும் வெக்கையும் கால் கொப்புளமுமாகப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். வென்ட்ஸெல் என்ற அதிகாரி அதில் வருகிறான். படித்தவன், இலக்கியம் பேசுகிறவன், ஆனால் சிப்பாய்களை முகத்தில் அடிக்கிறவன். சண்டை முடிந்த இரவு அவன் கூடாரத்துக்குள் குப்புறக் கிடந்து, தன் அணியில் இழந்தவர்களின் எண்ணிக்கையை, ‘ஐம்பத்திரண்டு’ என்று, திரும்பத் திரும்பச் சொல்லி அழுகிறான். அந்தக் கொடுமைக்காரனையும் மன்னிக்காமல், அந்த அழுகையையும் பொய்யாக்காமல் எழுதுவதற்கு எவ்வளவு நிதானம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

போருக்கு வெளியேயும் அவருடைய பார்வை அதுவேதான். ‘ஓவியர்கள்’ என்ற கதையில், கொதிகலனுக்குள் குந்தியிருந்து, வெளியிலிருந்து சம்மட்டியால் அடிக்கப்படும் ஆணியைத் தன் நெஞ்சால் தாங்கிப் பிடிக்கும் தொழிலாளியை ரியாபினின் என்ற ஓவியன் காண்கிறான். அந்த வேலை செய்கிறவர்கள் காது செவிடாகிப்போவார்கள். அவனை வரைந்து முடித்தபின் ரியாபினினுக்குத் தூரிகையைத் தொட மனம் வரவில்லை. ஓவியத்தை விட்டுவிட்டுக் கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியாராகப் போகிறான். அங்கும் அவன் வெற்றிபெறவில்லை என்று கதை ஒரு வரியில் சொல்லி முடிகிறது. ஆசிரியையாகிய நீங்கள் அந்த வரியை என்னைவிட ஆழமாக வாசிப்பீர்கள்.

ஏன் குறைவாக எழுதினார் என்று கேட்டீர்கள். முப்பத்துமூன்று வயதில் இறந்தவர், அந்த வயதுக்குள்ளும் நோயால் நீண்ட காலங்களை இழந்தவர் என்பது ஒரு காரணம். அவருடைய கதைகள் எல்லாம் ஒரு நடுத்தரமான தொகுதிக்குள் அடங்கும். ஆனாலும் 1880இலேயே மூத்த நாவலாசிரியர் துர்கேனிவ் அவருக்குக் கடிதம் எழுதி, இளைய எழுத்தாளர்களில் தமக்கு அதிக நம்பிக்கை தருகிறவர் அவரே என்று சொல்லியிருந்தார். 1882 கோடையில் தம் ஸ்பாஸ்கோயே பண்ணையில் தங்கி எழுதவும் இடம் கொடுத்தார். சிப்பாய் இவானொவின் குறிப்புகள் அங்கேதான் எழுதப்பட்டன.

பதில் 2: மல்லாவியிலிருந்து, மனநலப் பிரிவில் பணிபுரியும் தாதிய உத்தியோகத்தர்

ஐயா எழுதியவற்றை மிகுந்த மரியாதையோடு வாசித்தேன். ஆசிரியை அக்காவின் நூல் முன்னுரை சொல்லியிருக்கும் ‘மனநோயால் பாதிக்கப்பட்ட எழுத்தாளர்’ என்ற அந்த ஒரு வரியைப் பற்றி நான் சிறிது எழுத வேண்டும்.

கார்ஷினுக்கு முதன்முதலாக நோய் வந்தது மாணவப் பருவத்தில், 1872இல். குணமாகிப் படிப்பை முடித்தார், கல்லூரிக்குப் போனார், போருக்கும் போனார். இரண்டாவது தடவை கடுமையாக வந்தது 1880இல். அந்த ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி, பழைய நாட்காட்டிப்படி, அரசின் அதிகாரமிக்க பிரமுகரான லோரிஸ்-மெலிக்கொவ் மீது ம்லதெத்ஸ்கி என்ற இளைஞன் துப்பாக்கியால் சுட்டான், குறி தப்பியது. கார்ஷின் இரவோடிரவாக அந்தப் பிரமுகரின் வாசலுக்கே போய், தண்டனையை மன்னிக்கும்படி மன்றாடினார். 22ஆம் திகதி அந்த இளைஞன் தூக்கிலிடப்பட்டான். அதன்பின் கார்ஷின் ஊர் ஊராக அலைந்தார், குதிரையேறிக் கிராமங்களுக்குள் போனார், முன்பின் அறியாத டோல்ஸ்டோயின் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தார். ஈற்றில் கார்க்கொவ் நகரின் மனநோய் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார்.

இந்த மன்றாட்டத்தையே நோயின் அறிகுறியாகச் சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஏற்புடையதல்ல. தூக்குமேடைக்குப் போகும் ஒருவனின் உயிரைக் கேட்டு ஒருவர் வாசலில் நிற்பது, அவர் அதற்கு முன்பு எழுதியவற்றுக்கெல்லாம் முற்றிலும் பொருத்தமான செயல். உடலும் மனமும் அதற்குப் பிறகு உடைந்தன.

‘செந்நிற மலர்’ என்ற கதையை அக்கா வாசித்தீர்களோ தெரியாது. மனநோய் வைத்தியசாலைத் தோட்டத்தில் பூத்திருக்கும் சிவப்புக் கசகசாப் பூக்களில் உலகத்தின் தீமை முழுவதும் திரண்டிருக்கிறது என்று ஒரு நோயாளி நம்புகிறான். ஒவ்வொன்றாகப் பறித்துத் தன் நெஞ்சோடு மறைத்து, அந்த நஞ்சு வேறு யாரையும் தீண்டாமல் தானே ஏற்றுக்கொள்ள முனைகிறான். மூன்றாவது பூவுக்காக இரவில் கட்டவிழ்த்து, யன்னற் கம்பியை வளைத்து வெளியே போய், திரும்பி வந்து படுக்கையில் இறந்துபோகிறான்; இறுகிய கையிலிருந்து பூவை எடுக்க முடியாமல் அவனோடேயே புதைக்கிறார்கள். நோயாளியின் நித்திரையின்மையும், எடை குறைவதும், தான் நோயாளி என்பதை அவனே ஒரு நொடி உணர்ந்து மறு நொடி மறப்பதும் அதில் அவ்வளவு துல்லியமாக இருக்கின்றன. அக்காலத்து மனநோய் வைத்தியர் சிக்கோர்ஸ்கி அந்தச் சரித்தன்மையைப் பாராட்டி எழுதினார். நான் கடமையில் பார்த்தவற்றோடு ஒப்பிட்டு வாசித்தபோது அந்தப் பாராட்டு முழுக்கத் தகுந்தது என்றே தோன்றியது.

ஆனால் அது வெளிவந்தது 1883இல். அவர் குணமாகித் தாய்மாமனின் பண்ணையில் தேறி, தலைநகருக்குத் திரும்பி, மருத்துவம் படித்த நதேஷ்தா சலத்தீலவாவை மணந்து, நிலையான வேலையும் தேடிக்கொண்ட ஆண்டு அது. நோயிலிருந்து மீண்ட ஒருவர், தெளிந்த மனத்தோடு, தாம் கடந்து வந்ததைத் திரும்பிப் பார்த்து எழுதிய கதை அது. நோய் எழுதிய கதை என்று சொன்னால் அந்த உழைப்பை அவரிடமிருந்து பறித்ததாகிவிடும்.

1888 வசந்தத்தில் நோய் மீண்டும் முற்றிய வேளையில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அக்கா, உங்கள் கூட்டத்தில் இதைச் சொல்ல நேர்ந்தால் இந்த அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எவ்வாறு நடந்தது என்ற விபரம் அங்கே யாருக்கும் தேவைப்படாது. யாராவது மனம் குழம்பியவராகத் தெரிந்தால், கூட்டம் முடிந்ததும் தனியே கூப்பிட்டுக் கதையுங்கள். கிட்டிய வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

பதில் 3: முறிகண்டியிலிருந்து ஒரு வாசகர்

அவர் எதைக்கொண்டு வாழ்ந்தார் என்ற கேள்வி விடுபட்டுப்போனது. எழுத்து அவருக்கு ஒருபோதும் சோறு போடவில்லை. 1883 முதல் ரஷ்யப் புகையிரதப் பாதைகளின் பிரதிநிதிகள் கூடும் பேரவையின் காரியாலயத்தில் செயலாளராகப் பணியாற்றினார். சம்பளமும் ஓரளவு ஓய்வு நேரமும் கிடைத்தன. 1887இல் வந்த ‘சமிக்ஞை’ என்ற கதை அந்தப் புகையிரத உலகத்தில் நிகழ்வது.

செம்யோன் என்பவன் போரில் அதிகாரி ஒருவருக்குப் பணியாளாக இருந்து, உடல் நலிந்து திரும்பி, பாதைக் காவற்காரனாக வேலை பெறுகிறான். அடுத்த காவற்குடிலில் இருக்கும் வசீலி மேலதிகாரியிடம் அடிபட்டு, மொஸ்கோவரை போய் முறையிட்டும் நீதி கிடைக்காதவன். கொதித்துப்போய்த் தண்டவாளத்தைக் கழற்றிவிடுகிறான். பயணிகளோடு புகையிரதம் வந்துகொண்டிருக்கிறது. செம்யோனிடம் கொடியும் இல்லை, கருவியும் இல்லை. தன் கையைக் கத்தியால் கிழித்து, அந்த இரத்தத்தில் துணியை நனைத்துத் தடியில் கட்டி உயர்த்திப் பிடிக்கிறான். இரத்தம் போய் மயங்கிச் சாய்கையில், கொடி நிலத்தில் விழ முன்னர் ஒரு கை அதைப் பிடிக்கிறது. பிடித்தவன் வசீலி. புகையிரதத்தை நிறுத்திவிட்டு, தண்டவாளத்தைக் கழற்றியவன் நான்தான், என்னைக் கட்டுங்கள் என்கிறான்.

தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் இல்லாத வெறும் மண்மேடாகவே புகையிரதப் பாதையைப் பார்த்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. ஓமந்தையிலிருந்து கிளிநொச்சிவரை மீண்டும் வண்டி ஓடத் தொடங்கிய 2013இல்தான் என் பிள்ளைகள் இங்கே புகையிரதத்தை முதலில் கண்டார்கள். கடவையில் வெயிலிலும் மழையிலும் நிற்கும் காவற்காரரை ஒவ்வொரு நாளும் கடந்துதான் நான் வேலைக்குப் போகிறேன். அதனால் இந்தக் கதைக்கு எங்கள் ஊரில் முன்னுரையே வேண்டியதில்லை. அநீதி செய்யப்பட்டவனின் கோபத்தைக் கார்ஷின் ஓரிடத்திலும் குறைத்துப் பேசவில்லை. அந்தக் கோபம் போய் விழும் இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் பார்க்கச் சொல்கிறார்.

ஆசிரியையிடமிருந்து

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தங்கை மல்லாவியிலிருந்து எழுதியது என் தயக்கத்தைச் சரியான இடத்தில் தொட்டது. வரும் மாதம் ‘சமிக்ஞை’யை வாசிப்பதாக முடிவுசெய்திருக்கிறேன். ‘நான்கு நாட்க’ளைப் பொதுவில் வாசிக்காமல், விரும்பிக் கேட்கிறவர்களுக்கு மட்டும் கொடுக்க எண்ணுகிறேன். சிறு பிள்ளைகளும் தாய்மாரோடு வருவார்கள். அவர்களுக்குக் கொடுக்கக்கூடியதாகக் கார்ஷினிடம் ஏதாவது இருக்கிறதா, ஐயா?

பதில் 4: வவுனியா நூலகர்

இருக்கிறது. 1887இல் அவர் எழுதிய ‘பயணம் போன தவளை’ சிறுவர்களுக்கான கதை. இரண்டு வாத்துகள் தடியொன்றை இரு முனையிலும் கவ்வியிருக்க, நடுவில் வாயால் பிடித்துக்கொண்டு தெற்கே பறக்கும் தவளை, இந்த யோசனை யாருடையது என்று கீழே உள்ளவர்கள் வியப்பதைக் கேட்டு, என்னுடையதுதான் என்று வாயைத் திறந்து குளத்துக்குள் விழுகிறது. நம் பஞ்சதந்திரத்து ஆமையைப் பிள்ளைகள் உடனே இனங்காண்பார்கள். கார்ஷினின் தவளை சாகவில்லை என்பதையும் அவர்கள் கவனிப்பார்கள். விழுந்த குளத்துத் தவளைகளுக்குத் தன் பயணத்தைப் பற்றி அளந்துகொண்டிருக்கும்.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு 1880இல் வெளிவந்த ‘அத்தாலியா பிரின்செப்ஸ்’ பொருந்தும். பிரேசிலிலிருந்து கொண்டுவந்து கண்ணாடிக் கூடத்துக்குள் வளர்க்கப்படும் ஒரு தென்னை இன மரம், கூரையை உடைத்துக்கொண்டு வெளியே தலையை நீட்டுகிறது. வெளியே இலையுதிர்காலத்துக் குளிரும் மழையும். தோட்டத்து இயக்குநர் அதை வெட்டிவிடச் சொல்கிறார்; அதன் அடியில் முளைத்து அதற்குத் துணைநின்ற சிறு புல்லையும் பிடுங்கி எறிகிறார்கள். ‘தாயகக் குறிப்புக’ளின் ஆசிரியர் சால்திகொவ்-ஷெத்ரின் தம் சஞ்சிகைக்கு இதை ஏற்க மறுத்தார். வேறொரு சஞ்சிகையில்தான் அது வெளிவந்தது. வெளியே குளிர் என்று முன்னரே தெரிந்திருந்தால் மரம் உடைத்திருக்குமா என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். நான் இளம் வயதில் ஒரு பதிலும் இப்போது வேறொரு பதிலும் சொல்வேன்.

இன்னொன்று. அவருடைய முகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பினால், ஓவியர் ரேப்பின் 1884இல் வரைந்த உருவப்படம் நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையத்தில் எளிதில் கிடைக்கும். கையெழுத்துப் படிகள் குவிந்த மேசைக்கு முன்னால் அமர்ந்து, நிமிர்ந்து நம்மைப் பார்க்கிறார். தகப்பனான ஜார் மன்னன் இவான் தன் கையாலேயே அடித்து வீழ்த்திய மகனை ரேப்பின் தீட்டியபோதும், அந்த மகனின் முகத்துக்குக் கார்ஷினையே மாதிரியாக அமர்த்தினார். அந்த இரண்டாவது படத்தில் இரத்தம் உண்டு. சிறுவர்களுக்கு முதலாவது போதும்.

செக்கோவை ஏற்கெனவே வாசித்தவர்கள் என்பதால் கடைசியாக ஒரு வழி. கார்ஷின் இறந்தபின் அவர் நினைவாக நண்பர்கள் ஒரு தொகுப்பு நூல் வெளியிட்டார்கள். அதற்காகச் செக்கோவ் ‘நரம்புத் தளர்ச்சி’ என்ற கதையை எழுதிக் கொடுத்தார். மற்றவர்களின் வேதனை தன் உடலிலேயே வலிக்கும் ஒரு மாணவனை அதன் நாயகனாக்கினார். ‘சமிக்ஞை’க்கு அடுத்த மாதம் அதை வாசித்தால், உங்கள் கூட்டத்தினர் தாங்கள் அறிந்த செக்கோவின் வழியாகவே கார்ஷினிடம் திரும்பி வரலாம்.